வேலூர் – சென்னை: பறந்தால் எவ்வளவு நேரம்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். சாம்பிள் ஜோடிகளோடு வெளிநாடு போவதும், வருகிற பையர்களை அழைத்து வருவதும் என் வேலை. வேலூரில் விமானம் வந்துவிட்டால் சென்னைக்குக் கால் மணி நேரம்தான் என்கிறார்கள். உண்மையா? அதுவரை எங்களுக்குச் சென்னை வசதியா, பெங்களூரு வசதியா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்துக்கும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ.தான். வேகத்தால் வகுத்தால் கால் மணி, இருபது நிமிடம் வரும். ஆனால், விமானம் அப்படி நேராகப் போய் இறங்குவதில்லை. ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், ஏற வேண்டும், இறங்க முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும் நாட்களில் மீனம்பாக்கத்தில் கடல் பக்கமிருந்துதான் இறக்குவார்கள். வேலூரிலிருந்து வரும் விமானம் நகரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். சென்னை–பெங்களூரு வான்தூரம் சுமார் 270 கி.மீ.; பறப்பது முக்கால் மணிக்கும் குறைவு, கால அட்டவணையிலோ ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். இந்தக் கணக்கில் வேலூர்–சென்னைக்கு 40 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி அப்துல்லாபுரம் போக முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கிப் பெட்டி எடுத்துப் பன்னாட்டு முனையத்துக்குப் போவதற்குள் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். காரில் கிளம்பினால் நெடுஞ்சாலை வழியே சுமார் 185 கி.மீ., மூன்றரை மணி நேரம். மிச்சமாகும் அரை மணிக்காக, ரத்தானால் வேறு வழியில்லாத ஒரு சிறிய விமானத்தை நம்பச் சொல்ல மாட்டேன். தோல் பொருட்காட்சிக்குக் கிளம்புகிறவர் அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

சென்னையா, பெங்களூருவா என்றால், தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டிக்கெட்டையும் நேரடி விமானத்தையும் பார்த்து முடிவெடுங்கள். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருப்பதால், ஓசூர் வழியாகப் போனால் நகர நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். பேரணாம்பட்டு, வி.கோட்டா வழியாகக் கோலார் பக்கம் ஏறி ஒசக்கோட்டை வழியே போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். பேரணாம்பட்டுக்கு மேலே மலைப்பாதை வளைவுகள் உண்டு. இரவில் பழகிய டிரைவர் வேண்டும். சென்னைக்குத் தனியாகப் போகிறவருக்கு ரயிலே மேல். ஆம்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேரடி மெட்ரோ இருக்கிறது.

அப்படியானால் வேலூர் விமான நிலையம் வீணா? இல்லவே இல்லை. பிரிட்டிஷ் காலத்து இறங்குதளம் அது. மத்திய அரசின் ‘உடான்’ விமானச் சேவைத் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்திருக்கிறார்கள், பயணிகள் சேவைதான் இன்னும் தொடங்கவில்லை. இப்போதுள்ள ஓடுபாதை 19 இருக்கை விமானங்களுக்குத்தான் போதும். என் ஆதங்கமே இதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் கிடந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். கொல்கத்தா இங்கிருந்து 1,400 கி.மீ.க்கு மேல். விமானம் நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது அந்தத் தூரத்தில்தான். பெரிய விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையை நீட்டி, முதல் சேவையைக் கொல்கத்தாவுக்கு விட வேண்டும். உங்கள் ஊர் ஏற்றுமதியாளர்கள் மனு கொடுப்பதாக இருந்தால், சென்னைக்கு விமானம் கேட்காதீர்கள், இதைக் கேளுங்கள்.