கள்ளியும் கடைச் சரக்கும்

ஒரு பொருள் விற்பதும் தேங்குவதும் அதன் தரத்தையும் விலையையும் மட்டும் பொறுத்ததல்ல. அப்பொருளைப் பற்றி வாங்குவோர் மனத்தில் முன்பே பதிந்துள்ள எண்ணத்தையும் பொறுத்தது. லேபிளைப் பார்த்தே பட்டாசுப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளரை அறிந்த நமக்கு இது புதிதல்ல. இதை விளக்க நமது கரிசல் காட்டு வேலியிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அதுதான் சப்பாத்திக்கள்ளி.

ஒரே இனம், வேறு வேறு மதிப்பு

இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் கொடியின் நடுவே கழுகு அமர்ந்திருப்பது இதன் மீதுதான். அங்கே இதன் இளந்தண்டு அன்றாடக் காய்கறி. முள்ளைச் சீவி, நறுக்கி, வேகவைத்து, வழவழப்பு நீரை வடித்துச் சமைக்கிறார்கள். நாம் வெண்டைக்காயின் வழவழப்பைப் பக்குவப்படுத்துவது போலத்தான். இத்தாலியின் சிசிலித் தீவில் இதன் பழத்துக்கு 'இந்திய அத்தி' என்று பெயர். அங்கே முதற்பூக்களை உதிர்த்துவிடுகிறார்கள். பிறகு பூத்துக் காய்க்கும் பெரிய பழம் இலையுதிர் காலச் சந்தைக்கு வருகிறது.

நம் நாட்டிலோ இக்கள்ளியை அரசாங்கம் கவனித்தது உணவுக்காக அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். சாய வியாபாரம் நிலைக்கவில்லை. கள்ளி மட்டும் வேலியாகவும் களையாகவும் பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து பூச்சி கொண்டுவந்து தென்னிந்தியாவில் அதை ஒடுக்கினர். உழவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் மடகாஸ்கரின் வறண்ட தென்பகுதியில் கள்ளி மனிதருக்கும் மாட்டுக்கும் கோடைக்கால ஆகாரமாக இருந்தது. 1920களில் அங்கும் அவ்வகைப் பூச்சி பரவிக் கள்ளி அழிந்தபோது பஞ்சம் வந்தது, மக்கள் மாண்டனர். ஓரிடத்தில் களையாகக் கருதப்பட்டது இன்னோரிடத்தில் உயிர்காத்த உணவு என்பதை இதனால் அறிகிறோம்.

நம்மவர் தயங்குவது ஏன்?

நம் ஊர்ப் பிள்ளைகள் இப்பழத்தை அறியாதவர்கள் அல்லர். தரையில் தேய்த்துச் சுணைமுள்ளைப் போக்கி, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளையும் எடுத்துவிட்டு, வாய் சிவக்கத் தின்றவர்கள் பலர். எனினும் அது காட்டில் தின்னும் பண்டமே தவிர, காசு கொடுத்து வாங்கும் பண்டமாகவில்லை.

இதற்கு முக்கிய காரணம் பெயர். தமிழில் 'கள்ளி' என்ற சொல் சப்பாத்திக்கள்ளியையும் குறிக்கும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற பால் வடியும் செடிகளையும் குறிக்கும். பின்னவை வேறு குடும்பத்தவை. அவற்றின் பால் நச்சுத்தன்மை உடையது, கண்ணில் பட்டாலும் கேடு. தென்மாவட்டங்களில் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமையைச் செய்திகளில் படித்தவர்கள் நாம். அப்பெயரைக் கேட்டதும் தாய்மார்கள் முகம் சுளிப்பது இயல்பே. இரண்டாவது காரணம் முள். மூன்றாவது, சும்மா கிடைப்பது ஏழை உணவு என்ற எண்ணம்.

டிராகன் பழத்தைப் பாருங்கள். அதுவும் கள்ளிக் குடும்பத்துப் பழமே. வெளிநாட்டுப் பெயரோடும் முள்ளில்லாத தோலோடும் வந்ததால் பழக்கடையில் நல்ல விலைக்குப் போகிறது. குஜராத் அரசு 2021 ஜனவரியில் அதற்குக் 'கமலம்' என்று பெயரிட்டது. பிரண்டையும் ஒரு காலத்தில் வேலியில் கிடந்ததுதான். அது கள்ளி இனமல்ல, திராட்சைக் குடும்பம். துவையலுக்கென்று இன்று கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்கிறது.

வியாபாரிகள் கொள்ள வேண்டியவை

1. பெயரில் நாணயம் வேண்டும். சப்பாத்திக்கள்ளிக்கு 'நாகதாளி' என்று நம் மொழியிலேயே வேறு பெயர் உண்டு. அப்பெயரில் விற்கலாம்; எந்தச் செடி என்பதை மறைக்கக் கூடாது.

2. இனம் தெரியாத சரக்கைக் கொள்முதல் செய்யக் கூடாது. ஒடித்தால் பால் வடிவதைத் தொடவே வேண்டாம். பால் வடியாததெல்லாம் உண்ணத்தக்கது என்றும் பொருளில்லை. செடியை அறிந்தவரிடமே வாங்க வேண்டும்.

3. முள்ளை நீக்கும் வேலையைக் கடைக்காரரே ஏற்க வேண்டும். ஒரு சுணை நாக்கில் குத்தினால் அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். விதை கடினமானது, அளவுக்கு மீறித் தின்றால் மலச்சிக்கல் உண்டாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

4. நோய் தீர்க்கும் என்று எழுதி விற்கக் கூடாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நாளையே எல்லோரும் கள்ளிப்பழம் விற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. மழை பொய்க்கும் நம் பூமியில் தண்ணீர் அதிகம் கேட்காமல் விளையும் பொருள் எதுவாயினும், பழைய வெறுப்பால் மட்டும் அதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதே நம் கருத்து. வாடிக்கையாளரின் அச்சத்தில் எது நியாயமானது, எது வெறும் பழக்கம் என்று பிரித்தறிபவரே நல்ல வியாபாரி. நியாயமான அச்சத்துக்குப் பாதுகாப்பும், வெறும் பழக்கத்துக்கு விளக்கமும் தருவது நம் கடமை.