தோல் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி நான். இ.எஸ்.ஐ. காப்பீடு மட்டுமே உண்டு. இடுப்பில் வந்த படை மாதக்கணக்கில் ஆறவில்லை. எந்தத் தோல் மருத்துவரிடம் போவது?

பதில்: பெயர்பெற்றவர் யார் என்று தேடி அலைய வேண்டாம், நோயைச் சரியாக இனங்காண்பவர் ஒருவர் போதும். பெயருக்குப் பின்னால் தோல்நோய்க்கான எம்.டி. அல்லது டி.டி.வி.எல். பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கிடைக்கத் தாமதமானால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்கோ நேரே போகலாம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது.

ஒருநாள் கூலி போய்விடுமே, மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கினால் ஆகாதா என்பீர்கள். கூலிக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு சட்டென்று அடங்கும், படைக்குக் காரணமான பூஞ்சை உள்ளே பரவும். படையின் வட்டமான விளிம்பு கலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம், தோலும் மெலியும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது இதனால்தான். பூசிய களிம்புக் குழாய்களையெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் படை திரும்ப வரும்.