வெளியே வந்த ஒயிலை அளக்காமல் புதுக் கொம்பிரசரைப் பூட்டாதீர்கள்

கொழும்பு ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கார் ஏசி வேலை பார்க்கிறேன். புதிதாகத் தொழில் பழக வரும் தம்பிமார் முதலில் கேட்பது காஸைப் பற்றித்தான். எத்தனை கிராம், எவ்வளவு பிரஷர், எந்த டின் நல்லது என்பார்கள். ஒயிலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இறுகிப்போன கொம்பிரசரோடு என்னிடம் வந்து நின்ற வாகனங்களை நினைத்துப் பார்த்தால், அவற்றில் அதிகமானவை ஒயில் கணக்குப் பிழைத்தவை. அதனால் ஒயிலைப் பற்றியே எழுதுகிறேன்.

1. ஒயில் கொம்பிரசருக்குள் மட்டும் இருப்பதில்லை. எஞ்சினில் சம்ப் இருக்கிறது, குச்சி விட்டுப் பார்க்கலாம். கார் ஏசியில் அந்த வசதி இல்லை. ஓடும்போது ஒயில் காஸோடு கலந்து போகிறது. கொஞ்சம் கொண்டென்சரில் தங்கும், கொஞ்சம் கூலிங் கொயிலில், கொஞ்சம் டிரையரில். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதில் தங்கிய ஒயிலும் சேர்ந்து வெளியே போகிறது. பதிலுக்குப் பூட்டும் புதுக் கொண்டென்சரோ கொயிலோ உள்ளே காய்ந்துதான் வரும். போன அளவைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

2. கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். தொழில் பழகிய இரண்டாம் வருடம் நான் அப்படி நினைத்தேன். வாடகைக்கு ஓடும் ஒரு வேன், கல் பட்டுக் கொண்டென்சர் ஓட்டை. புதியதைப் பூட்டிவிட்டு, எவ்வளவு போயிருக்கும் என்று யோசிக்காமல் 250 மில்லிலீற்றர் போத்தலில் பாதிக்கு மேல் ஊற்றினேன். காலையில் குளிர்ந்தது, மத்தியான வெயிலில் குளிரவில்லை. திரும்பி வந்தபோது காஸைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. மூன்றாம் முறை வரும்போது கொம்பிரசருக்குள் வால்வ் தகடு உடைந்திருந்தது. கழற்றிக் கவிழ்த்தேன், ஒயில் நிற்காமல் வழிந்தது. குழாய்களின் உட்சுவரில் ஒயில் படிந்தால் சூடு சரியாக வெளியே போகாது. காஸ் இருக்க வேண்டிய இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும், பிரஷர் ஏறும். திரவத்தை நசுக்க முடியாது. மொத்தமாக ஒயில் வந்து சேரும்போது தகடுதான் உடையும். புதுக் கொம்பிரசர் செலவில் அரைவாசியை நான் போட்டேன். ஆனால் அந்தச் சாரதி ஒரு கிழமை ஓட்டமில்லாமல் இருந்தார். அந்த வருமானத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

3. பழைய கொம்பிரசரை இரும்புக் கூடையில் வீசும் முன் அதன் ஒயிலை வடியுங்கள். காஸை முறையாக இழுத்தெடுத்த பிறகு இரண்டு குழாய் வாயும் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, அடியில் அளவுகோடு போட்ட ஒரு சிறு கோப்பையை வையுங்கள். முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் ஒரு நூல் போல வரும், பிறகு சொட்டும். பத்து நிமிடமாவது விடுங்கள். பொறுமை இல்லாதவன் 30 மில்லிலீற்றர் என்று எழுதும் இடத்தில் பொறுத்தவன் 50 என்று எழுதுவான்.

வடிந்ததில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தேன்நிறத்தில் தெளிவாக இருந்தால் உள்ளே சுகம். தாளைச் சாய்க்கும்போது வெள்ளி மினுக்கம் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. கறுத்து, கருகின மணம் வந்தால் கொம்பிரசர் எரிந்து, அந்தத் தூள் குழாய்களெல்லாம் போயிருக்கிறது. அப்படியானால் கொம்பிரசரை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள். இன்றைய கொண்டென்சர்களின் துவாரங்கள் மிக மெல்லியவை, கழுவினாலும் தூள் போகாது. கொண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வாகனக்காரர் செலவுக்குத் தயங்கினால் அந்தத் தாளையே காட்டுங்கள்.

4. இனிக் கணக்கு. புதுக் கொம்பிரசர் பெரும்பாலும் முழு ஏசிக்கும் வேண்டிய ஒயிலோடு வருகிறது. 120 மில்லிலீற்றர் இருப்பதாக வைப்போம். பழையதிலிருந்து 55 வடிந்தது. அப்படியென்றால் மிச்ச ஒயில் இன்னும் கொண்டென்சரிலும் கொயிலிலும் குழாயிலும் இருக்கிறது. புதியதிலிருந்து 65 மில்லிலீற்றரை வடித்துவிட்டு 55-ஐ உள்ளே விட வேண்டும். வடிக்காமல் அப்படியே பூட்டுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் என் வேன் கதை திரும்ப நடக்கிறது.

அதே வேலையில் கொண்டென்சரையும் டிரையரையும் மாற்றினால் கணக்கு மாறும். கொண்டென்சருக்கு 40, டிரையருக்கு 10 என்று வைத்தால் உள்ளே இருக்க வேண்டியது 105. அப்போது 15 மட்டும் வடித்தால் போதும். கூலிங் கொயிலுக்கும் 40 அளவில் வரும், குழாய் ஒன்றுக்கு 10. இவை நான் கையில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அந்த வாகனத்தின் கைநூல் கிடைத்தால் அது சொல்வதையே செய்யுங்கள். முழுவதையும் கழுவிக் காயவைத்திருந்தால் மட்டும் 120-உம் உள்ளே இருக்கட்டும். பழையதிலிருந்து ஒன்றுமே வடியவில்லையா? எங்கோ ஒழுகியிருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

5. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய கழற்றிய சாமானில் எவ்வளவு ஒயில் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களைத்தான் ஓட்டினோம், கழற்றிய கொம்பிரசர்களைத்தான் பூட்டினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாய்கள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்து கிடந்ததை வாங்காதீர்கள். கொண்டுவந்ததும் உள்ளே இருப்பதை முழுக்க வடித்து, சரியான புது ஒயிலை நீங்களே அளந்து ஊற்றுங்கள்.

6. எந்த ஒயில் என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்-134ஏ காஸுக்குப் பெரும்பாலும் பேக் (PAG) ஒயில். அதிலும் 46, 100, 150 என்று தடிப்பு வேறுபடும். கொம்பிரசரில் ஒட்டியிருக்கும் லேபலைத் துடைத்து வாசியுங்கள்.

ஹைபிரிட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கொம்பிரசருக்குள்ளேயே மின் மோட்டார் இருக்கிறது. ஒயில் அந்த மோட்டாரின் சுருள்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. பல பிரியஸ்களில் பெரிய பெட்டரி 201.6 வோல்ட், பல அக்குவாக்களில் 144. இவற்றுக்கு மின்சாரம் கடத்தாத எஸ்டர் ஒயில்தான், டென்ஸோவில் என்டி 11. இதில் பேக் ஒயில் சிறிதளவு கலந்தாலே மின்காப்புக் குறைந்து, டாஷ்போர்ட்டில் ஹைபிரிட் எச்சரிக்கை எரியும், வாகனம் நின்றும் போகலாம். முன்பு பேக் ஒயில் ஓடிய கேஜ் குழாயும் ஒயில் ஊசியும்கூடக் கெடுக்கும். ஹைபிரிட்டுக்கென்று தனியாக ஒரு செட் வைத்திருங்கள். பெயரை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். வெகன் ஆர் ஹைபிரிட்டில் கொம்பிரசர் பெல்ட்டில்தான் ஓடுகிறது. செம்மஞ்சள் வயர் கொம்பிரசருக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்பு ரப்பர் கையுறை போட்ட பிறகே கை வையுங்கள். முறையாகப் பழகாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

7. போத்தலை மூடுங்கள். பேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். துறைமுகக் காற்று வீசும் நம் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். நேற்றுத் திறந்துவைத்த போத்தல் இன்று குப்பை.

8. ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் சிக்கனம் வேண்டாம். குழாய் திறந்து கிடந்தாலும் கொம்பிரசர் மாற்றினாலும் புதியது. அதன் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். கொண்டென்சரிலும் அப்படித்தான். முகத்துவாரம், மட்டக்குளி பக்கத்து வாகனங்களில் உப்புக்காற்று கொண்டென்சரின் அலுமினியச் செட்டைகளைப் பொடியாக்கிவிடுகிறது. விரலால் தடவினால் மாவாக உதிரும். அப்படியானதைக் கழுவிப் பூட்டி இன்னொருவரின் பணத்தை வீணாக்காதீர்கள்.

9. டின்னை வாசியுங்கள். சிறு காஸ் டின்களில் சிலவற்றில் ஒயிலும் இருக்கிறது. ஒழுக்குப் பார்க்கும் பச்சைச் சாயமும் ஒயிலில் கரைத்ததுதான். வருடத்துக்கு ஒரு டின் என்று நாலு வருடம் அடித்த வாகனத்தில், கணக்கில் வராத ஒயில் எவ்வளவு சேர்ந்திருக்கும்! குளிர் குறைகிறது என்று வரும் பழைய வாகனத்தில் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்: “இதற்கு முன்னால் யார், என்ன போட்டார்கள்?”

10. ஓ ரிங்குகளை அதே ஒயிலில் நனைத்துப் பூட்டுங்கள். பிறகு வெக்கியூம் பம்ப் அரை மணித்தியாலமாவது ஓடட்டும். பம்பை நிறுத்தியதும் முள் நின்ற இடத்தில் நிற்கிறதா பாருங்கள். காஸைத் தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது 30 பாகைச் சூட்டில் கேஜ் 95 பிஎஸ்ஐக்குக் கிட்டக் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதுதான், 400 இருந்தாலும் அதுதான். முதல்முறை ஓடவிடும் முன் கொம்பிரசரைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள், உருளைக்குள் தேங்கிய ஒயில் விலகட்டும். மின் கொம்பிரசரில் இதைச் செய்ய முடியாது.

11. காஸை வானத்துக்கு விடாதீர்கள். நான் தொடங்கிய காலத்தில் ஆர்-12. அதைத் திறந்துவிட்டு வேலை செய்தவன்தான் நானும். இலங்கை 1989-இல் ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது, பிறகு அந்தக் காஸே இல்லாமற் போனது. ஆர்-134ஏ ஓசோனைத் தின்பதில்லை. ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் 1,430 கிலோ கரியமிலவாயுவின் சூடு. இன்னொன்றும் உண்டு. வேகமாகத் திறந்துவிட்டால் காஸோடு ஒயிலும் பீறிட்டுப் போகும், பிறகு என்ன அளந்தாலும் கணக்குச் சரிவராது. இயந்திரம் வைத்து மெதுவாக இழுத்து, அதில் பிரிந்து வந்த ஒயிலையும் அளந்து சேருங்கள்.

12. பொனட்டுக்கு உள்பக்கம் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திகதி, ஒயில் வகை, ஊற்றியது எத்தனை மில்லிலீற்றர், காஸ் எத்தனை கிராம், மாற்றிய பாகம் எது. அடுத்த முறை அந்த வாகனம் மட்டக்குளியிலோ மருதானையிலோ வேறொரு பாஸின் முன்னால் நிற்கலாம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதிருக்கலாம், இலக்கங்களை வாசிப்பார். மழைத்தண்ணீரில் கரையாத பேனையால் எழுதுங்கள்.