நிழற்படம் கழுவும் கலை

சென்ற ஆண்டு பொங்கல் விழாவன்று நம் சங்க உறுப்பினர் எல்லோரையும் விடுதியின் முன்படிக்கட்டில் வரிசையாக நிறுத்திப் பழைய பிலிம் கேமரா ஒன்றினால் நான் படம் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். கோலமிட்டவர்கள், பொங்கல் பானை இறக்கியவர்கள், படிப்பு முடித்து விடைபெற இருந்த மூத்த மாணவர்கள் ஆகிய எல்லோரும் அந்த 36 படங்களில் இருந்தனர். பின்னர், "படம் எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கேமரா பழுது, ஒன்றும் விழவில்லை" என்று சொல்லி வந்தேன். அந்த விடை தவறு. அது எப்படித் தவறு என்று காட்டப் புகுந்தால் நிழற்படம் கழுவும் முறையையே விளக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இக்கட்டுரை ஒரு பாடமாகவும் ஓர் ஒப்புதலாகவும் அமைகின்றது.

கைப்பேசியில் நொடிக்கொரு படம் எடுக்கும் இந்நாளில் பிலிம் எதற்கு என்று சிலர் வினவலாம். கைப்பேசியில் ஒளி புகுவதற்கும் படம் தோன்றுவதற்கும் இடையில் நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிலிமிலோ அந்த இடைவேலை முழுவதையும் நாமே நம் கையால் செய்யலாம். வேதியியல் படிக்கும் மாணவனுக்கு இதைவிட இன்பமான ஆய்வுப் பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

ஒளி செய்யும் வேலை

கருப்பு வெள்ளைப் பிலிம் என்பது, மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் ஜெலட்டினைப் பூசி, அதனுள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைப் பரப்பி வைத்தது. அவ்வுப்பில் பெரும்பகுதி வெள்ளி புரோமைடு. படிகத்தின்மீது ஒளி பட்டதும் உள்ளே எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. வெள்ளி அயனி ஒன்று எலெக்ட்ரான் ஒன்றைப் பெற்று வெள்ளி அணுவாகின்றது. இவ்வாறு ஓரிடத்தில் நான்கைந்து அணுக்கள் திரண்டாலே போதும். அப்படிகம் ஒளியைக் கண்டது என்பதற்கு அது சான்றாகிவிடுகின்றது. இவ்விளக்கத்தை 1938-ஆம் ஆண்டில் கர்னி, மோட் என்னும் இரு அறிஞர்கள் வகுத்துத் தந்தனர்.

நான்கைந்து அணுக்களை எந்தக் கண்ணும் காண முடியாது. படம் எடுத்த பிலிமும் எடுக்காத பிலிமும் பார்வைக்கு ஒன்றே. கண்ணுக்குப் புலனாகாமல் பிலிமில் உறையும் இவ்வுருவத்தை உள்ளுறை உருவம் எனலாம். 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் இதனைக் கண்டறிந்தார். அதற்கு முன்பு அவர், ஒளியே உருவத்தைக் கருக்கிக் காட்டும் வரையில் கேமராவை மணிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டியிருந்தது. உள்ளுறை உருவத்தை மருந்திட்டு வெளிக்கொணரலாம் என்று அறிந்த பின்னர் அது நிமிடக் கணக்காகக் குறைந்தது.

டால்பட் வழிவந்த காகித நெகட்டிவ் முறை நம் தமிழகத்திற்கும் வந்து சேர்ந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னயஸ் டிரைப் என்பவர், 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பல பகுதிகளாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார். அவர் காலத்தில் எடுத்தவரே கழுவவும் வேண்டும். கழுவிக் கொடுக்கும் கடைகள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை.

மருந்து செய்யும் வேலை

பிலிம் கழுவுவதில் இரண்டு மருந்துகள் தலையாயவை. முதலாவது டெவலப்பர். இது ஒளியைக் கண்ட படிகத்தை மட்டும் தேர்ந்து, அதிலுள்ள உப்பு முழுவதையும் கருநிற வெள்ளியாக மாற்றுகின்றது. நான்கைந்து அணுக்கள் கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகுகின்றன. இரண்டாவது ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு. இது ஒளியைக் காணாமல் எஞ்சிய உப்பைக் கரைத்து வெளியேற்றுகின்றது. வெள்ளி உப்பைக் கரைக்கும் இத்தன்மையை 1819-ஆம் ஆண்டிலேயே ஜான் ஹெர்ஷல் கண்டிருந்தார். ஹைப்போ இல்லையேல், படம் தோன்றினாலும் வெளிச்சத்தில் வைத்தவுடன் கருகிவிடும்.

முதலில் டெவலப்பர், பின்னர் ஹைப்போ. இவ்வரிசையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். என் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

1920-களில் வகுக்கப்பெற்று இன்றும் வழங்கும் டெவலப்பர் டி-76. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் உப்பை வெள்ளியாக்குபவை. தனித்தனியே செய்வதைவிடக் கூடிச் செய்யும்போது இரண்டும் வேகம் மிகுகின்றன. சல்பைட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனால் மருந்து கெடாமல் காக்கின்றது. வெண்காரம் காரத்தன்மையைத் தருகின்றது. 50 டிகிரி சூடுள்ள முக்கால் லிட்டர் நீரில் இவற்றைச் சொன்ன வரிசையிலேயே கரைத்து, பின்பு நீர் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். சல்பைட்டை முன்னே முழுவதும் கொட்டிவிட்டால் மெட்டால் எளிதில் கரையாது. மெட்டால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. ஆகையால் கையுறை அவசியம்.

விடுதி அறையில் செய்யும் முறை

இதற்கென இருட்டறை கட்ட வேண்டியதில்லை. ஒளி புகாத சிறு தொட்டி ஒன்றும், கைகளை நுழைத்து வேலை செய்யும் கருந்துணிப் பை ஒன்றும் போதும். இவற்றோடு வெப்பமானி, அளவு ஜாடி, குப்பிகள், துணி மாட்டும் கிளிப்புகள் ஆகியவை வேண்டும்.

முதற்படி, பைக்குள் பிலிமைச் சுருளில் ஏற்றித் தொட்டியில் இட்டு மூடுவது. சிவப்பு விளக்கும் இங்கே கூடாது. சினிமாக் காட்சிகளில் காணும் சிவப்பு விளக்கு, படத்தைத் தாளில் அச்சிடும்போது பயன்படுவது. இன்றைய பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பொளியையும் காணக்கூடியவை. வீணான பழைய பிலிம் ஒன்றைக்கொண்டு முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடியும் பலமுறை ஏற்றிப் பழகுவது நல்லது.

தொட்டியை மூடிய பின்னர் எல்லா வேலையும் வெளிச்சத்திலேயே நடக்கும். 20 டிகிரியில் உள்ள டெவலப்பரை ஊற்ற வேண்டும். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு நீர் கலவாத டி-76-இல் ஏழரை நிமிடம். முதல் பத்து விநாடியும், பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்தில் பத்து விநாடியும் தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நம் ஊரில் சித்திரை வெயிலில் கழுவுவோருக்குப் பனிக்கட்டி தேவைப்படும். இந்த வடபுலத்துத் தை மாதத்திலோ குழாய்நீரைத் தொட்டால் விரல் விறைக்கின்றது. 12, 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுவினோன் ஏறத்தாழ உறங்கிவிடும். ஆகவே வாளியில் வெந்நீர் கலந்து, குப்பிகளை அதில் நிறுத்தி, 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும்.

டெவலப்பரை வடித்ததும் ஒரு முறை நீரால் அலசி, ஹைப்போவை ஊற்ற வேண்டும். எவ்வளவு நேரம் வைப்பது? பிலிமின் நுனித்துண்டு ஒன்றை முன்னதாக ஹைப்போவில் இட்டுப் பார்த்தால், அதன் பால்நிறம் நீங்கித் தெளிவதற்கு ஆகும் நேரம் தெரியும். அதைப்போல் இருமடங்கு நேரம் போதுமானது. பின்னர் தொட்டியில் நீர் நிறைத்து ஐந்து முறை கவிழ்த்து வடித்து, புதுநீரில் பத்து முறை, மீண்டும் புதுநீரில் இருபது முறை கவிழ்த்தால் மருந்து நீங்கும். தூசி குறைந்த குளியலறையில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டலாகாது. தனிக் குப்பியில் சேர்த்து இரும்புக் கம்பளியை இட்டுவைத்தால், இரும்பு கரைய வெள்ளி படியும்.

என் பிழை

இம்முறையைத்தான் சென்ற ஆண்டும் பின்பற்றினேன். தொட்டியைத் திறந்தபோது பிலிம் முனைமுதல் முனைவரை கண்ணாடிபோல் தெளிந்து கிடந்தது. ஒரு படமும் இல்லை. கேமராவின் திரை திறக்கவில்லை என்று உடனே முடிவு கட்டினேன். அது பென்டாக்ஸ் கே-1000 என்னும் கேமரா. 1976 முதல் 1997 வரை செய்யப்பெற்ற வகையைச் சேர்ந்தது. என் அறைத்தோழரின் தந்தையார் இளமையில் ஆசையோடு வாங்கி, மகன் கையில் கொடுத்தனுப்பியது. நான் சொன்னதைக் கேட்டுத் தோழர் வெட்கப்பட்டார். "அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றார். விடுமுறைக்குச் சென்றபோது அதை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தார்.

சில வாரங்கள் கழித்து, மேசை இழுப்பறையில் கிடந்த அப்பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஐயம் தோன்றியது. பிலிமின் ஓரத்தில் தொழிற்சாலைப் பெயரும் படத்தின் எண்ணும் இருக்குமன்றோ? அவை மையால் அச்சிட்டவை அல்ல. தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பெற்ற உள்ளுறை எழுத்துகள். கேமரா முற்றும் பழுதானாலும், டெவலப்பர் பட்டால் அவ்வெழுத்துகள் தோன்றியே தீரும். என் பிலிமில் ஓரெழுத்தும் இல்லை. மேலும், கேமராவில் பொருத்தும்போது வெளிச்சம் கண்ட நுனிப்பகுதி கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். அதுவும் தெளிந்திருந்தது. ஆக, அந்தப் பிலிமின்மேல் டெவலப்பர் வேலையே செய்யவில்லை.

இரண்டு குப்பிகளையும் எடுத்து வைத்துச் சோதித்தேன். வெளிச்சம் கண்ட பிலிம் துண்டுகளை ஒவ்வொன்றிலும் இட்டேன். இரண்டாம் எண் குப்பியில் இட்ட துண்டு கறுத்தது. முதல் எண் குப்பியில் இட்டது தெளிந்தது. முதல் எண் குப்பியில் இருந்தது ஹைப்போ! எண்களை நான் குப்பியின் உடலில் எழுதவில்லை, மூடிகளின்மேல் எழுதியிருந்தேன். கழுவி வைத்தபோது மூடிகள் மாறிவிட்டன. இரண்டும் நிறமற்ற நீர்மங்கள்; பார்வைக்கு வேறுபாடில்லை. முதலில் ஊற்றிய ஹைப்போ, 36 படங்களின் உள்ளுறை உருவத்தையும் படிகங்களோடு கரைத்து வெளியேற்றிவிட்டது. பின்னே வந்த டெவலப்பருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

தோழரிடம் சென்று பிலிமைக் காட்டி, ஓரத்தில் எழுத்தில்லாததன் பொருளை விளக்கினேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்று தொலைபேசியை என் கையில் கொடுத்தார். சொன்னேன். அவர் தந்தையார் சிரித்துவிட்டு, "நானும் ஒரு தடவை இப்படித்தான் செய்தேன், தம்பி" என்றார். அடுத்த விடுமுறையில் கேமரா திரும்பி வந்தது.

ஆய்வு மாணவர்களாகிய நாம் முடிவு பிழைத்தால் கருவியைக் குறைகூறுவது எளிது. கருவி வாய் திறந்து மறுக்காது. ஆனால் நடந்தது என்ன என்பதற்கான சான்று பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. அதைப் படிக்கக் கற்றிருக்க வேண்டும், படிக்க மனமும் வேண்டும். எனக்குக் கல்வி இல்லாமற்போனது சில வாரங்கள். அவ்வளவு நாளும் ஒரு நல்ல கேமரா பழி சுமந்தது.

இவ்வாண்டுப் பொங்கலன்று அதே கேமராவால் அதே படிக்கட்டில் மீண்டும் படம் எடுத்தேன். இம்முறை குப்பிகளின் உடலில் பெரிய தமிழ் எழுத்துகளில் பெயர் எழுதியிருந்தேன். 36-இல் 33 நன்றாக வந்துள்ளன. நெகட்டிவை வெண்பலகை விளக்கின்மேல் வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து, கருமை வெண்மையை மாற்றி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்; சிலவற்றைத் தாளில் அச்சிட்டுச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியுமுள்ளேன். ஆனால் சென்ற ஆண்டு விடைபெற்றுப் போன மூத்தவர்கள் இப்படங்களில் இல்லை. அவர்களை இனி அப்படிக்கட்டில் ஒருங்கே நிறுத்த இயலாது. இவ்விதழ் அவர்களுக்கும் போய்ச் சேரும் என்பதால், என் மன்னிப்பை இதன்வழியே தெரிவித்துக்கொள்கிறேன்.

கழுவக் கற்க விரும்பும் நண்பர்கள் ஞாயிறு பிற்பகலில் என் அறைக்கு வரலாம். வரும்போது பழைய பிலிம் துண்டு ஒன்றும், குப்பியின்மேல் எழுத ஒரு பேனாவும் கொண்டு வருக.