வலிக்கும் காலும் வலிக்காத காலும்

நமது வர்த்தகச் சகோதரர்கள் கல்லாப் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறார்கள். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறார்கள். நாள் முழுவதும் தங்களைத் தாங்கி நிற்கும் இரண்டு கால்களை மட்டும் நினைப்பதேயில்லை. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் முதலிய ஊர்களில் கடை வைத்திருப்போர் காலையிலிருந்து இரவு வரை சிமெண்டுத் தரையில் நிற்பவர்கள். முன்னாளில் துணி மூட்டையைச் சுமந்து தோட்டந்தோட்டமாகச் சுற்றியவர்களுக்குக் கால் ஓய்ந்ததில்லை. ஆயினும் நடக்கிற காலைவிட ஒரே இடத்தில் நிற்கிற காலே விரைவில் கெடுகிறது. நடக்கையில் கெண்டைச் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கையில் அவ்வேலை நடவாது. இரத்தம் கீழே தேங்க, மாலையில் பாதம் வீங்கிச் செருப்பு இறுகுகிறது.

நம்மவர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. சுபுஹுக்கு எழுந்து முதலடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலிக்கிறது. பத்தடி நடந்தால் குறைகிறது. கடையில் நின்றபின் மாலையில் மறுபடியும் வருகிறது. குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழே தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. உடற்பாரத்தாலும், நெடுநேரம் நிற்பதாலும், தேய்ந்த செருப்பாலும் அது குதியில் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டை முதலடியில் திடீரென இழுபடுவதால்தான் அவ்வலி. வாயு என்று எண்ணெய் தேய்ப்பதில் கெடுதலில்லை. ஆனால் காரணம் வாயுவன்று.

படுக்கையைவிட்டு எழுமுன் விரல்களைக் கையால் முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பத்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதி தரையைவிட்டு எழாமல் கெண்டைச் சதையை நீட்டுங்கள். நாள்தோறும் தவறாமல் செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், மிஞ்சினால் ஓராண்டில், கத்தியில்லாமலே குணமாகும். கல்லாவுக்குப் பின்னே கனமான ரப்பர் விரிப்பொன்று போடுங்கள். சிறு பலகை ஒன்றை வைத்துக் கால்களை அதன்மேல் மாற்றி மாற்றி ஊன்றுங்கள். காகிதம்போல் தேய்ந்த ஜப்பான் சிலிப்பரை இன்றே வீசுங்கள். சப்பாத்து வாங்குவோர், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குவதே சரி.

இதுகாறும் சொன்னது வலிக்கும் காலைப் பற்றி. வலிக்கும் கால் நமக்கு எச்சரிக்கை செய்கிறது. அதனால் பெரிய பயமில்லை. பயப்பட வேண்டியது வலிக்காத காலுக்கு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023-ம் ஆண்டு ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 சதவிகிதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்பு நீர் உள்ளது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காதிருந்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மெல்ல அழிகின்றன. முதலில் எரிச்சல், பூச்சி ஊர்வதுபோன்ற உணர்வு, பின்னர் மரத்துப்போகிறது. எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டதென்று மகிழ்வோரும் உண்டு!

இதன் ஆபத்தை உலகறியச் செய்தவர் டாக்டர் பால் பிராண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946 முதல் சுமார் இருபதாண்டுகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்து தொழுநோயாளருக்குச் சிகிச்சை செய்தார். நோயே விரல்களைத் தின்கிறது என்று நம்பப்பட்ட காலம் அது. இவரோ, உணர்ச்சியற்ற காலில் நோயாளி அறியாமலே நேரும் சிறு காயங்களும், அக்காயத்தோடு நடப்பதுமே காலைக் கெடுக்கின்றன என்று கண்டார். மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளை அங்கே செய்து கொடுத்தார்கள். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, அதே பாடத்தை நீரிழிவுக்காரரின் கால்களுக்கும் பொருத்திக் காட்டினார். கோலாலம்பூர் போகும் வழியில் நாம் தாண்டிச் செல்லும் சுங்கை பூலோவிலும் 1930-ல் தொழுநோயாளர் குடியிருப்பொன்று திறக்கப்பட்டது. அதன் பெயரைக் கேட்டு அஞ்சியவர்கள் பலர். நம் கடைகளில் இனிப்பு நீரோடு நிற்பவரின் காலுக்கும் அதே விதமான ஆபத்துதான் என்று அறிந்தவர் சிலர்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் (பெயரே தமிழாக ஒலிக்கிறதல்லவா?) 1917-ல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை வாணிபப் பயிராக நடப்பட்டது. அன்று முதல் இவ்வட்டாரத்தில் பனைமுள்ளுக்குக் குறைவில்லை. தோட்டத்துக்குச் சரக்கு இறக்கப் போகிறவரின் மெல்லிய செருப்பைத் துளைத்து முள் ஏறினால், உணர்ச்சியுள்ளவர் அங்கேயே உட்கார்ந்து பிடுங்குவார். உணர்ச்சியற்றவர் அதன்மேலேயே நான்கு நாள் நடப்பார். சீழ் நாற்றம் வந்தபின் ஆஸ்பத்திரி. அப்போது விரலோடு போனால் பாக்கியம்.

இதற்கு நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. தினம் ஐந்து வேளை ஒளுவில் கால் கழுவுகிறோம். விரல் இடுக்கைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. குதிகால் நனையாமல் விடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் குழாயடியில் அவசரமாகத் தண்ணீரைக் காட்டிவிட்டு ஓடுகிறோம். ஒரு வேளையாவது உட்கார்ந்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, வெடிப்பு, கொப்புளம், சிவப்பு உண்டா என்று கவனியுங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். பின்பு விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு சப்பாத்தில் நுழைப்பதால்தான் அங்கே சேற்றுப்புண் வருகிறது.

காயமிருந்து, தண்ணீர் படக்கூடாதென்று வைத்தியர் சொன்னால் மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்த காலை வெந்நீரில் ஊறவைப்பது, ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது, இரண்டும் கூடவே கூடாது. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ப்போர் இதையும் அறிக: வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து, சுட்டதே தெரியாமல் பாதம் கொப்பளித்த நீரிழிவுக்கார ஹாஜிகள் உண்டு. இஹ்ராமில் கணுக்கால் மூடாத மிதியடி ஆண்களுக்கு அனுமதிக்கப்பட்டதே. சிகரெட்டு பிடிப்போர்க்குக் காலின் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் புண் ஆறுவது இன்னும் கடினம்.

கால் மரத்திருக்கிறதா என்று அறிய மெல்லிய நைலான் இழையொன்றால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலியில்லாத பரிசோதனை, சில நிமிட வேலை. அடுத்த தடவை அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் மாத்திரை வாங்கும்போது, சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டி, அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.