கல் பங்களா சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

ஒரு வீட்டைப் பார்த்தால் அந்த ஊரின் வெயிலும் மழையும் தெரிய வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் உதகமண்டலத்துக் கல் பங்களா.

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் இதைக் கட்ட ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்கள் உதகையில் கட்டிய முதல் வீடு இதுதான். பிற்காலத்தில் கோடைதோறும் மலையேறிய சென்னை மாகாண அரசுக்கு இது அலுவலகமானது. இன்று அந்த இடத்தில் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. அதிகாரம் செய்த இடத்தில் நம்மைப் போன்ற பிள்ளைகள் படிக்கிறார்கள்!

ஏன் கல்? உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். தை மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி. கனமான கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல மெல்ல விடும். மலை பங்களாக்களில் சரிவான கூரை மழையை வழித்து விடும். கணப்பு அடுப்பின் சூடான காற்று புகைபோக்கி வழியே மேலே ஏறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் குளிருக்கு விடை கண்டவர்கள் வெள்ளைக்காரர் மட்டும் அல்ல. அந்த மண்ணின் தோடர்கள் மூங்கில், பிரம்பு, புல் கொண்டு, பாதி பீப்பாய் கவிழ்த்த மாதிரி வீடு கட்டினார்கள். வாசல் தவழ்ந்து போகும் அளவுதான். குளிர்காற்றும் நுழையாது, காட்டு விலங்கும் நுழையாது. 'பங்களா' என்ற சொல்லே வங்காளத்து வீட்டிலிருந்து வந்ததுதான்.

நம்ம வடமதுரைக்கு வருவோம். இங்கே குளிர் இல்லை, வெயில்தான் எதிரி. அதனால்தான் திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று வைத்தார்கள். என் அப்பா கொத்தனார், பள்ளிக்கூடம் போகாதவர். மனையில் நின்றதும் "காத்து எந்தப் பக்கம்டா வருது?" என்றுதான் முதலில் கேட்பார். இப்போது வீடு கட்டுகிறவர்கள் மலை பங்களா படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். மேற்கு வெயிலுக்கு நேரே கண்ணாடி வைத்துவிட்டு, பிறகு கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிறார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பிளான் வரையப் போகிறவன் நான். ஸ்கேலை எடுக்கும் முன் அப்பாவின் கேள்வியைக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். கல் பங்களாவின் உருவத்தைக் காப்பியடிக்க வேண்டாம்; அது ஊரின் வானிலைக்குச் சொன்ன பதிலைப் படிப்போம்.