ரோடு சைக்கிளா, டிரையத்லான் சைக்கிளா: எந்த விமர்சனத்தை நம்பி வாங்குவது?

ஒரு பெரிய நிறுவனம் புதிய சைக்கிள் வரிசையை வெளியிட்டதும் ஆர்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 2016இல் ஹவாயின் கோனாவில், அயர்ன்மேன் உலகப் போட்டியை ஒட்டி செர்வேலோ நிறுவனம் பி5எக்ஸ் மாடலை இறக்கியபோது, வழக்கமான முக்கோணச் சட்டகமே இல்லாத அந்த உருவத்தைப் பார்த்து ஒரு கூட்டம் முகம் சுளித்தது. 15,000 டாலர் வரை போன அதன் விலை எரிச்சலைக் கூட்டியது. 2020இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் காற்றைக் கிழிக்கும் வென்ஜ் மாடலை நிறுத்திவிட்டு, டார்மாக் எஸ்எல்7 ஒன்றே காற்றியலுக்கும் எடைக் குறைவுக்கும் போதும் என்றது. 2024இல் டிரெக், எடை குறைந்த எமோண்டாவை மடோனுக்குள் கரைத்தது. ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் அழகு, கிராம், விலை, பிரியமான பெயர் மறைந்த வருத்தம் என்ற நான்கைச் சுற்றியே நடந்தது. வாங்கப்போகிறவருக்கு இந்த நான்கில் விலை ஒன்றுதான் உதவும். அதே ஆர்வலர்கள் உடல் பொருத்தம், பராமரிப்பு பற்றிச் சொல்லும் குறைகளோ தங்கம். எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது என்று பிரித்துவிட்டால் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு உடம்பினுடையது. சைக்கிளுக்கு மிஞ்சுவது கால் பங்கு. காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். எடையின் கதை வேறு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒரு கிலோவைக் குறைப்பது ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம் பிடிக்கும். சமதளத்தில் அது கணக்கிலேயே வராது. 1989 டூர் டி பிரான்சின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையான 24.5 கிலோமீட்டர் தனிநபர் நேரப் போட்டிக்கு லோரான் ஃபினியோன் 50 விநாடி முன்னிலையுடன் வந்தார். முழங்கைகளை ஊன்றிக் குனிந்துகொள்ளும் ஏரோ பாரைப் பூட்டியிருந்த கிரெக் லெமாண்ட் அன்று அவரைவிட 58 விநாடி வேகமாக ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தைப் பறித்தார். ஃபினியோனுக்கு அன்று உடல் உபாதை இருந்தது என்பதால் முழுப் பெருமையையும் ஏரோ பாருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உலகம் அன்று பார்த்தது உடம்பு உட்கார்ந்த விதத்தின் பலனை.

ஆகவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சைக்கிளில் என் உடம்பு குனிந்த நிலையில் கடைசிவரை தாங்கும் என்பதே. ரோடு சைக்கிளில் சீட் குழாயின் சாய்வு சுமார் 73 டிகிரி. டிரையத்லான் சைக்கிளில் 76 முதல் 80 வரை. டேன் எம்ப்ஃபீல்ட் குயின்டானா ரூ என்ற பெயரில் டிரையத்லானுக்கென்றே சைக்கிள் செய்யத் தொடங்கியபோது பிடித்த சூட்சுமம் இதுதான்: சீட்டை முன்னே தள்ளினால், முதுகைத் தாழ்த்தினாலும் இடுப்பு மடங்கி நெருக்காது. ரோடு சைக்கிளில் கிளிப்-ஆன் ஏரோ பாரை மாட்டி அதே அளவு குனிந்தால் முழங்கால் வயிற்றை நோக்கி வரும். அதனால்தான், கிளிப்-ஆன் போதும் என்று நான் சொல்லும்போது, சைக்கிளிலிருந்து இறங்கி ஓட வேண்டியவருக்கு அது போதாது என்ற மறுப்பு எழுகிறது. 180 கிலோமீட்டர் ஓட்டி இறங்கி முழு மாரத்தான் ஓடுபவருக்கு அந்த மறுப்பு நூற்றுக்கு நூறு சரி. அவர் டிரையத்லான் சைக்கிளே வாங்கட்டும். 90 கிலோமீட்டர் சைக்கிள் பகுதி கொண்ட அயர்ன்மேன் 70.3 போட்டியை முதல்முறை முயல்பவருக்கு நிலைமை வேறு. 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் இந்தப் போட்டி வந்தபிறகு இந்தக் கேள்வி நம் பக்கத்து ஆர்வலர்களுக்கும் வந்துவிட்டது. சீட்டைச் சற்று முன்னே நகர்த்தி, ஏரோ பாரைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டினால் ரோடு சைக்கிளிலேயே அவர் நன்றாக முடிக்கலாம்.

டிரையத்லான் சைக்கிளுக்கு எதிரான வலுவான காரணம் போட்டிக்கு வெளியே இருக்கிறது. ஏரோ பாரில் படுத்திருக்கும்போது கியர் விரல்நுனியில் இருக்கும், பிரேக் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து இடதுபக்கம் ஒதுங்கும்போதோ, நாய் குறுக்கே பாயும்போதோ அந்த இடைவெளி உயிர் சம்பந்தப்பட்டது. கூட்டமாகப் போகும் சவாரியிலும் அப்படிப் படுத்து ஓட்டக்கூடாது. வாரத்தில் ஐந்து நாள் நண்பர்களோடு ஓட்டி, ஆண்டுக்கு ஒரு போட்டிக்குப் போகிறவர் டிரையத்லான் சைக்கிளை ஒரே சைக்கிளாக வைத்துக்கொள்வது சரியல்ல. எதிர்காலத்தில் தேவைப்படுமே என்று இப்போதே வாங்குவதும் வேண்டாம். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் உடம்பின் வளையும் தன்மை மாறும், சரியான அளவும் மாறும். போட்டி விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் பாணியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போக அனுமதிக்கும் போட்டிகளுக்கு ரோடு சைக்கிள்தான் வேண்டும். பி5எக்ஸ் போன்ற வடிவங்களை, சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ நடத்தும் நேரப் போட்டிகளில் இறக்கவே முடியாது.

ரோடு சைக்கிள் என்று முடிவானால் ஏரோவா, இலகுவா என்ற பழைய சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். யுசிஐயின் குறைந்தபட்ச எடையான 6.8 கிலோவையும் காற்றியல் வடிவத்தையும் ஒரே சட்டகம் எட்டிவிட்டதால்தான் வென்ஜும் எமோண்டாவும் போயின. அந்த வருத்தத்தில் பாசம் இருக்கிறது, பொறியியல் காரணம் குறைவு. பெரும்பாலானோருக்கு இந்த இரண்டையும்விட, ஹேண்டில்பார் சற்று உயர்ந்து, 32 மில்லிமீட்டர் டயராவது ஏறும் எண்டூரன்ஸ் ரகமே நல்லது. டயர் விஷயத்தில் ஆர்வலர்கள் நீண்ட காலம் தவறாகவே இருந்தார்கள்; 23 மில்லிமீட்டர்தான் வேகம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் பலர் இன்று 28இலும் 30இலும் ஓட்டுகிறார்கள்.

இனி அவர்கள் பேச்சில் கேட்டே ஆக வேண்டிய பகுதி. கிராங்க் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட், அழுத்திப் பொருத்தும் ரகமானால் கிரீச்சிடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் புலம்பினார்கள். 2020 டார்மாக்கில் மரையிட்ட பாட்டம் பிராக்கெட் திரும்பி வந்தது. இப்போது அவர்கள் சொல்லும் குறை, கைப்பிடித் தண்டு சுழலும் ஹெட்செட் வழியாக உள்ளே ஓடும் கேபிள்களைப் பற்றியது. அது முற்றிலும் நியாயம். பல சைக்கிள்களில் மேல் பேரிங்கை மாற்ற ஹைட்ராலிக் குழாய்களைக் கழற்றி, எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. உப்புக் காற்றும் வியர்வையும் உள்ள கடலோர ஊரில் முதலில் துருப்பிடிப்பதே அந்த பேரிங்தான். ஏரோ வசதிக்காக ஒரே வார்ப்பாகச் செய்த ஹேண்டில்பார்-ஸ்டெம் தொகுப்பும் அப்படியே: ஸ்டெம் ஒரு சென்டிமீட்டர் அதிக நீளமாக அமைந்துவிட்டால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். பி5எக்ஸ் விஷயத்திலும், உருவத்தைப் பழித்தவர்கள் கவனிக்கத் தவறியது அதன் உண்மையான நல்ல குணத்தை. கைப்பிடியின் உயரத்தை எளிதாக மாற்றலாம்; விமானப் பயணத்துக்கு எளிதாகப் பிரிக்கலாம்.

கடைக்குப் போகும்முன் உடல் அளவெடுத்துப் பொருத்தம் பார்ப்பவரிடம் சென்று, உங்களுக்கு ஏற்ற ஸ்டாக் (சட்டகத்தின் உயரம்), ரீச் (நீளம்) அளவுகளை எண்ணாக வாங்கிக்கொள்ளுங்கள். 54 என்ற ஒரே அளவுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமான உயரம் கொடுக்கும். அந்த எண்களுக்குள் வராத சைக்கிள் எவ்வளவு பாராட்டப்பட்டிருந்தாலும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மிஞ்சுகிறவற்றில், பேரிங் மாற்ற எவ்வளவு கூலி, உதிரி பாகம் வர எத்தனை நாள் என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டு, அவர் முகம் சுளிக்காத ஒன்றை எடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர்களும் ஒரு கிளிப்-ஆனும் வாங்கலாம்.